கரண்ட் வைக்கும்போது ஐஸ் வைக்கலாமா?

அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். நாற்பது வருட வெற்றிலை, புகையிலை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், "30 சிட்டிங் கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ" என்று எழுதிக் கொடுத்தார்கள். கரண்ட் என்று நாம் சொல்வது ரேடியேஷனைத்தான். வாய் வெந்துவிடும், கழுத்து கருத்துவிடும், ஒரு வாய் ரசம்கூட இறங்காது என்று தெருவில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டியதில், நல்ல தசையைக் குளிர வைத்தால் ரேடியேஷன் அதை அவ்வளவாகத் தாக்காது என்று படித்தேன். போதாதா? விடிந்ததும் மருந்துக்கடைக்குப் போய் இரண்டு ஜெல் பேக் வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டேன்.

அந்த ஜெல் பேக் செய்த வேலையை ஐந்தாவது படியில் சொல்கிறேன். சென்னையில் வீட்டில் ஒருவருக்குக் கரண்ட் ஆரம்பிக்கப் போகிறது, குளிர்ச்சியால் ஏதாவது செய்யலாமா என்று நீங்களும் தேடிக்கொண்டிருந்தால், ஆரம்பிக்கும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆறு வாரம் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்தவள், அவ்வளவுதான்.

1. எந்தக் குளிர்ச்சி எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஐஸ் வைத்தியம் என்ற ஒரே பெயரில் நாலு வேறு விஷயங்கள் உலவுகின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில் எனக்கு ஒரு வாரம் போனது.

தலையில் மாட்டும் குளிர் தொப்பி கீமோவுக்கானது. மருந்து ஏறும் நேரத்தில் தலைத்தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து முடி கொட்டுவதைக் கட்டுப்படுத்தும். தலைக்குக் கரண்ட் வைப்பதால் கொட்டும் முடிக்கு அது இல்லை. கை கால்களுக்கு மாட்டும் குளிர் உறையும் கீமோவுக்குத்தான். பாக்லிடாக்சல், டோசிடாக்சல் ஏற்றும்போது நகம் கெடாமலும் விரல் மரத்துப்போகாமலும் இருக்கச் சில இடங்களில் போட்டுவிடுகிறார்கள்.

வாயில் ஐஸ் வைப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அதுவும் சில கீமோக்களுக்கு மட்டும். 5-எஃப்.யூ. மருந்தை ஒரே மூச்சில் ஊசியாகச் செலுத்தும்போது 30 நிமிடம் ஐஸை வாயில் உருட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் மெல்ஃபலான் அதிக அளவில் கொடுக்கும்போதும் இதே முறைதான். இந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் சீக்கிரம் இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் வாய்க்கு ரத்தம் குறைவாகப் போனால் புண் குறைகிறது.

நாலாவதுதான் நாம் தேடுவது, கதிரிலிருந்து நல்ல தசையைக் குளிர்ச்சியால் காப்பது. இது வெறும் கட்டுக்கதை இல்லை. கதிர் படும்போது செல்லில் ஆக்சிஜன் இருந்தால் சேதம் நிலைத்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லை அதே அளவு சேதப்படுத்த சுமார் இரண்டரை முதல் மூன்று மடங்கு டோஸ் வேண்டும். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்தம் குறையும், ஆக்சிஜனும் குறையும். வாய், மலக்குடல் போன்ற இடங்களில் இதை ஆராய்ச்சியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்யவில்லை? இதையே டாக்டரிடம் கேட்டேன். "ஏம்மா, எதிரிக்கும் சேர்த்து ஹெல்மெட் மாட்டிவிடப் பார்க்கறீங்களே" என்றார். அப்பாவுக்கு மிச்சம் மீதி புற்றுச் செல் இருந்தால் அது அதே கன்னத்தில்தான் இருக்கும். கன்னத்தைக் குளிர வைத்தால் அதற்கும் கவசம் கிடைத்துவிடும். சில இடங்களில் இதற்கு நேர் எதிராக, கட்டியைச் சூடாக்கிக் கரண்டின் வேகத்தைக் கூட்டும் சிகிச்சையே உண்டு என்றும் சொன்னார்.

ஆகவே இன்றைய நிலையில் கரண்டுக்கான குளிர்ச்சி வழக்கமான சிகிச்சை கிடையாது. உங்களால் செய்யக்கூடியது, வலியையும் எரிச்சலையும் தணிக்கும் குளிர்ச்சி மட்டும்தான். அதற்கும் நேரம், இடம், அளவு எல்லாம் உண்டு.

2. கேட்க வேண்டியதைக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்

இதைச் செய்ய நல்ல நாள், கரண்டுக்காக முகத்துக்கு மாஸ்க் செய்வதற்கு முன்பு டாக்டரைப் பார்க்கும் நாள். சிட்டிங் ஆரம்பித்துவிட்டால் டாக்டரை வாரத்துக்கு ஒரு முறைதான் நிதானமாகப் பார்க்க முடியும். மற்ற நாட்களில் மெஷினை இயக்கும் டெக்னீஷியன் மட்டும்தான். ஐஸ் பற்றி அவரிடம் கேட்டால் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பார், அது நியாயம்தான்.

முதலில் கீமோ மருந்தின் பெயரைக் கேளுங்கள். ஆக்சாலிபிளாட்டின் என்றால் ஐஸ் கிட்டவே போகக் கூடாது. அந்த மருந்து ஏறியவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கை சுண்டும், தொண்டை இறுக்கி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். வயிறு, குடல் புற்றுநோய்க்கு இது அடிக்கடி கொடுக்கும் மருந்து. 'பக்கத்துப் பெட்காரர் ஐஸ் சப்பினார், நாமும் சப்பலாம்' என்ற கணக்கு இங்கே உதவாது.

அடுத்தது உணர்ச்சி. ஆபரேஷன் செய்த இடம், வேறு இடத்துத் தசை வைத்துத் தைத்த இடம் இவையெல்லாம் பல மாதம் மரத்தே கிடக்கும். சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. எந்தெந்த இடம் மரத்திருக்கிறது என்று டாக்டரிடம் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விழுங்குவதில் சிரமம், புரையேறுதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஐஸ் துண்டு நழுவித் தொண்டைக்குள் போனால் ஆபத்து. வாய், கழுத்துக்குக் கரண்ட் என்றால் பல் டாக்டரையும் முன்பே பார்த்துவிட வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லைக் கரண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு கடைவாய்ப் பல் போயிற்று. ஐஸை 'கடிக்கவே கூடாது, சப்பத்தான் வேண்டும்' என்று அந்தப் பல் டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். கரண்டுக்குப் பிறகு எச்சில் குறைந்து பல் சீக்கிரம் சொத்தையாகும், அதில் விரிசலும் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் டாக்டர் சொல்லும் பதிலை ஓ.பி. சீட்டிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். 'வாயில் ஐஸ் ஓகே, தோலில் வேண்டாம்' என்று எங்கள் சீட்டில் இருந்த ஒற்றை வரிதான் அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு மாமி எல்லோருடைய யோசனைக்கும் பதிலாக இருந்தது. என்ன, அந்த வரி எங்களுக்கு ஐந்தாவது சிட்டிங்குக்கு அப்புறம்தான் கிடைத்தது.

3. காகித வேலையை டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஆரம்பியுங்கள்

வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு 6 வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பித்துவிட வேண்டும் என்பார்கள். அதில் நான்கு வாரம் புண் ஆறுவதிலேயே போய்விடும். மாஸ்க், ஸ்கேன், பிளான் போடுவது என்று இன்னொரு வாரத்துக்கு மேல் போகும். மிச்சம் இருக்கும் கொஞ்ச நாளில் காப்பீட்டுக்கு அலைந்தால் கதை கந்தல்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்குத் தேவைப்படுபவை:

குடும்ப அட்டை. நோயாளியின் பெயர் அதில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கல்யாணமான பிள்ளை தனிக் கார்டு எடுக்கும்போது அப்பா பெயர் எங்கே போனது என்று யாருக்கும் நினைவிருக்காது.

குடும்ப அட்டையில் உள்ள எல்லோருடைய ஆதார். பெயரின் இனிஷியல் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 60 ரூபாய். எங்களுக்கு வர ஆறு வேலைநாள் ஆயிற்று. இடையில் பொங்கல் விடுமுறை வேறு.

இவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அது ராஜாஜி சாலையில். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

அட்டை கையில் வந்தால் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுண்டர் மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும். பயாப்சி ரிப்போர்ட், ஆபரேஷனில் எடுத்த சதையின் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், கரண்ட் எத்தனை சிட்டிங் என்று டாக்டர் எழுதிய சீட்டு, எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வரும் முன் சிட்டிங்கை ஆரம்பித்துவிட்டுப் பணத்தை அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்களுக்கு அனுமதி நாலாம் நாள் வந்தது.

வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்குப் புற்றுநோயாளிச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். ரயில்வே சொல்லும் படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

4. மாஸ்க் செய்யும் நாள்

தலை, கழுத்துக்குக் கரண்ட் என்றால் முகத்துக்கு ஒரு வலை மாஸ்க் செய்வார்கள். அசையாமல் இருக்கத்தான். தட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை 65, 70 டிகிரி வெந்நீரில் போடுகிறார்கள். அது அப்பளம்போல் தொளதொளவென்று ஆனதும் ஈரத்தை ஒற்றி எடுத்து முகத்தின் மேல் இழுத்து அமுக்குகிறார்கள். கதகதவென்று இருக்கும், சுடாது. ஐந்து பத்து நிமிடத்தில் ஆறி, கல்லாக இறுகிவிடும். சீக்கிரம் ஆற எங்களுக்கு ஈரத்துண்டு போட்டார்கள். மொத்த ரேடியேஷன் டிபார்ட்மென்டிலும் குளிர்ச்சியை முறையாகப் பயன்படுத்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்!

அன்றைக்குத் தாடி, மீசையை எடுத்துவிட்டுப் போங்கள். பின்னால் எடுத்தால் மாஸ்க் லொடலொடக்கும். எடை குறைந்தாலும் இதே பிரச்சினைதான், மறுபடி மாஸ்க், மறுபடி ஸ்கேன் என்று இழுத்துவிடும்.

மார்பு, இடுப்பு போன்ற இடங்களுக்கு மாஸ்க் கிடையாது. தோலிலேயே மார்க்கரால் கோடு போடுவார்கள். வெயிட்டிங் ஹாலில் பழக்கமான ஒரு அக்கா, மார்பு எரிகிறதே என்று ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டை ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டார். காலையில் கோடு பாதி காணோம். மறுபடி அளந்து கோடு போட்டு, அன்றைய சிட்டிங் நடக்கும்போது மாலை ஆகிவிட்டது.

5. கதிர் அறையிலும் அதற்கு முன்பும் குளிர்ச்சி வேண்டாம்

இப்போது என் ஜெல் பேக் கதை. நாலாவது சிட்டிங், ஒரு வெள்ளிக்கிழமை. பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் போகும்போது பேக்கைத் துண்டில் சுற்றி அப்பாவின் கன்னத்தில் பிடித்துக்கொண்டே போனேன். முக்கால் மணி நேரம். "இதமா இருக்காப்பா?" என்று கேட்டால் தலையை ஆட்டினார். அவருக்கு அந்தக் கன்னத்தில் உணர்ச்சியே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. மகள் கஷ்டப்பட்டுப் பிடிக்கிறாளே என்று ஆட்டியிருக்கிறார்.

மாஸ்க் போடப்போன டெக்னீஷியன் கன்னத்தைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து, பலகைபோல் இருந்தது. டாக்டர் வந்து பார்த்து அன்றைய சிட்டிங்கை நிறுத்தினார். மறுநாள் காலையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். கரண்ட் படவேண்டிய தோலிலேயே பனிப்புண். சனி, ஞாயிறு மெஷின் கிடையாது என்பதால் மூன்று நாள் போயிற்று. வாய்ப் புற்றுநோயில் இப்படி நாள் தள்ளிப்போவது நல்லதல்ல, கடைசியில் அதை ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அதோடு நிற்காமல் நான், "மாஸ்க்குக்கு அடியிலேயே மெலிசா ஒரு ஜெல் பேக் வைக்க முடியாதா?" என்று கேட்டேன். அங்கிருந்த, கதிரின் அளவைக் கணக்குப் போடும் ஃபிசிசிஸ்ட் சிரிக்கவில்லை. அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் பேனாவால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இதுதான் தோல். 6 எம்.வி. சக்தி உள்ள கதிர் தோல் மேல முழு வேகத்துல இறங்காது. ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே போன பிறகுதான் உச்சம். அதனாலதான் தோல் ஓரளவு தப்பிக்குது. நீங்க மேலே ஒன்றரை சென்டிமீட்டர் ஜெல் வெச்சா, அதுதான் தோல்னு ஆயிடும். அப்பாவோட நிஜத் தோல் உச்சத்துல போய் உட்காரும்."

தோலைக் காப்பாற்ற வைக்கும் பேக், தோலுக்கு முழு டோஸை வாங்கிக் கொடுத்துவிடும். தோல் வரைக்கும் புற்று வந்தவர்களுக்கு டோஸ் ஏற வேண்டும் என்பதற்காகவே இப்படி ஜெல் ஷீட் வைப்பார்களாம், அதற்கு போலஸ் என்று பெயர். அதை அவர்கள் கணக்குப் போட்டு வைப்பார்கள். ஈரத்துணி, தடிமனாகப் பூசிய களிம்பு, ஒட்டிய பேண்டேஜ் எல்லாமே நாமாக வைக்கும் போலஸ்தான்.

அறையில் ஏ.சி. குளிர் ஜாஸ்தி. நடுங்கினால் உடம்பு அசையும். ஒரு பருத்திச் சால்வை எடுத்துப் போங்கள், கரண்ட் படாத இடத்தில் போர்த்திவிடுவார்கள்.

6. வாய்க்கான குளிர்ச்சி

வாய்ப்புண் உடனே வராது. அப்பாவுக்கு இரண்டாவது வாரக் கடைசியில் சாம்பார் எரிய ஆரம்பித்தது. நான்காவது வாரத்தில் வெறும் தண்ணீரே எரிந்தது. அந்த நேரத்தில் ஐஸ் வலியைத்தான் மரக்க வைக்கும். புண்ணைத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மூடி போட்ட ட்ரேயில் உறைய வையுங்கள். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சர்பத் கடை ஐஸ், குச்சி ஐஸ் எல்லாம் வயிற்றைக் கெடுக்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் தட்டி உடையுங்கள். உடைந்த துண்டுக்கு முனை இருக்கும், வெந்த வாயைக் கிழித்துவிடும். ஒரு நொடி தண்ணீரில் முக்கி எடுத்தால் முனை மழுங்கிவிடும். சுண்டக்காய் அளவு போதும். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சப்ப வேண்டும், படுத்துக்கொண்டு கூடவே கூடாது.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு ஐஸ் கொடுத்தால் நாலு வாய் அதிகமாக இறங்கும். ஆனால் மரத்த வாய்க்குச் சூடு தெரியாது. கஞ்சியை உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள், குழந்தைக்குப் பால் கொடுப்பதுபோல. வாய் இரண்டு விரல்கூடத் திறக்காத நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தது பாலாடை. என் பையனுக்குப் பால் புகட்டிய அதே வெள்ளிப் பாலாடையில் அப்பாவுக்குக் குளிர்ந்த மோரைக் கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே "அந்தப் பாலாடையை எடு" என்றார்.

எதைக் குளிர வைத்துக் கொடுப்பது? புளிக்காத தயிரில் கடைந்த மோர், குழையப் பிசைந்த தயிர் சாதம், ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, ஃப்ரிட்ஜில் வைத்த பால் பாயசம். எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி எல்லாம் எரியும். சீசனில் நுங்கு அமிர்தம், தோலை உரித்துக் கழுவிக் கொடுங்கள். இளநீர் நல்லதுதான். ஆனால் சிஸ்பிளாட்டின் ஏறுபவர்களுக்கு அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னபடி கொடுங்கள், இளநீரில் பொட்டாசியம் அதிகம்.

கூடவே வாய் கொப்பளிக்கும் தண்ணீர். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. நாளுக்கு ஐந்தாறு தடவை. கடையில் கிடைக்கும் காரமான மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம். பென்சிடமின் மவுத்வாஷ், வாய்க்குள் காட்டும் லேசர் ஒளிச் சிகிச்சை இரண்டையும் பற்றிக் கேளுங்கள். வாய்ப்புண்ணுக்கு ஐஸைவிட அவற்றுக்கு அதிக ஆதாரம் இருக்கிறது. லேசருக்குத் தனியாகப் பணம் கேட்கலாம், முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

7. தோலுக்கான குளிர்ச்சி

ஐஸ், ஜெல் பேக், ஃப்ரிட்ஜில் வைத்த துண்டு எதுவும் கரண்ட் படும் தோலில் வேண்டாம். ஒத்தடமும் வேண்டாம். சூடும் குளிரும் இரண்டுமே அந்தத் தோலுக்கு ஆகாது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சாதாரணத் தண்ணீரில் மிருதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. காலர் இல்லாத பழைய மல் ஜிப்பா. வெயிலில் கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துண்டு. டேபிள் ஃபேன். சென்னையில் கத்திரி வெயில் நேரத்தில் சிட்டிங் விழுந்தால் காலை ஸ்லாட் கேட்டு வாங்குங்கள். பகல் 12 மணிக்கு ஆட்டோவில் வந்தால் தோல் தணலாக இருக்கும். டாக்டர் எழுதிய க்ரீமை சிட்டிங் முடிந்த பிறகு பூசுங்கள்.

சந்தனம், மஞ்சள், கற்றாழை மூன்றுக்கும் வீட்டில் பெரிய சிபாரிசு வரும். 'சந்தனம் குளிர்ச்சிதானே' என்று என் அத்தை ஒரு டப்பாவே கொண்டுவந்தார். காய்ந்து வெடிக்கும், சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்தத் தோல் சுரண்டலைத் தாங்காது. கற்றாழை கரண்ட் புண்ணைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. அத்தையிடம் ஓ.பி. சீட்டைக் காட்டினேன். டப்பாவைப் பூஜை அறையில் வைத்துவிட்டுப் போனார்.

8. "குளிர்ச்சி சிகிச்சை தருகிறோம்" என்று யாராவது சொன்னால்

இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று ஆராய்ச்சி, இன்னொன்று வியாபாரம்.

ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் அதற்கு ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க ஒரு நாள் கேளுங்கள். முகம் சுளித்தால் யோசியுங்கள். முதல் கேள்வியாக, "குளிர்ச்சி புற்றுக் கட்டிக்கும் போய்ச் சேராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

பதிவு எண்ணும் இல்லை, பணமும் கேட்கிறார்கள் என்றால் கிளம்பிவிடுங்கள்.

9. எவ்வளவு செலவாயிற்று

காப்பீட்டுக்கு முன் எங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட் 1,85,000 ரூபாய். முன் அனுமதி வந்ததால் அது எங்கள் கையை விட்டுப் போகவில்லை. கையிலிருந்து போனவை வேறு. ஆட்டோ ஒரு நாளைக்குப் போக வர 400 ரூபாய். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் சாதாரண கட்டண மாநகரப் பஸ்ஸில் போனோம், பெண்களுக்கு இலவசம் என்பதால் அப்பாவுக்கு மட்டும்தான் செலவு. வாய் மோசமானதும் தினமும் ஆட்டோ என்று மாறினோம்.

குளிர்ச்சிக் கணக்கு தனி: ஐஸ் ட்ரே 120, நல்ல ஃபிளாஸ்க் 650, ஆப்ப சோடா 20. ஃபிளாஸ்க்கில் ஐஸ் எடுத்துப் போனால் சிட்டிங் முடிந்ததும் வெளியே உட்கார்ந்து நாலு துண்டு சப்பலாம், வீட்டுக்கு வரும்வரை பேச்சு வரும். ஜெல் பேக் இரண்டுக்கும் 500, அது தண்டம்.

10. கடைசி சிட்டிங்குக்குப் பிறகு ட்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்

முடிந்தது என்று பாயசம் வைத்த அடுத்த வாரம்தான் அப்பாவுக்குக் கழுத்துத் தோல் உரிந்தது. தோல் பாதிப்பு உச்சத்துக்குப் போவது சிட்டிங் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில். வாய்ப்புண் ஆற இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். அந்த நேரத்தில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்பதால் பார்க்க ஆள் இருக்காது. ஆகவே, கடைசி நாளே அடுத்த ரிவ்யூ தேதியையும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பரையும் வாங்கிவிடுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால், தண்ணீரே இறங்காவிட்டால், வாயில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் படலம் வந்தால், மூச்சில் சத்தம் கேட்டால் அன்றைக்கே போக வேண்டும். ஐஸ் கொடுத்துச் சமாளிக்கும் விஷயங்கள் இல்லை இவை.

கடைசி நாள் மாஸ்க்கை வேண்டுமா என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார். இப்போது அது பரணில், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது.